எலியை அனுப்பியவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதே மேசையில் மடிக்கணினியைத் திறக்கிறேன். திரையில் ஒரு பெண் தன் அறையில் தனியே நிற்கிறாள். ஒருவன் உள்ளே வந்து கையை உயர்த்துகிறான். ஒரு மணற்கடிகை தோன்றுகிறது. அறுபது நிமிடத்துக்குள் அவனை மணக்க அவள் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் சாவு. மணல் இறங்கத் தொடங்குகிறது. கீழே நிலவறையில் அவளைக் காதலிப்பவன் ஓடத் தொடங்குகிறான். நான் அவனை ஓட்டுகிறேன்.

"அம்மா, என் நீலச் சட்டை எங்க?"

எஸ்கேப் விசையை அழுத்துகிறேன். ஆட்டம் அப்படியே உறைகிறது. விசையின் பெயர் எஸ்கேப், தப்பித்தல். அது செய்வதோ நிறுத்திவைத்தல் மட்டும். இந்த ஒரு விசையில் என் நாற்பத்தைந்து வயது வாழ்க்கை அடங்கிவிடும்.

ஆட்டத்தின் பெயர் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. அமெரிக்க இளைஞர் ஜோர்டன் மெக்னர் உருவாக்க, 1989இல் பிராடர்பண்ட் நிறுவனம் ஆப்பிள் 2 கணினிக்கு வெளியிட்டது. பிறகு டாஸ் கணினிகளுக்கு வந்து, ஃப்ளாப்பி வழியாக ஊர் ஊராகப் பரவி, காரைக்குடிக்கும் வந்து சேர்ந்தது. 1990களில் கணினி மையத்தின் படியேறிய யாருக்கும் அதைத் தெரிந்திருக்கும். யாருக்கும் என்று எழுதுகிறேன். ஆண்பிள்ளைகள் யாருக்கும் என்று எழுதியிருக்க வேண்டும்.

1996, பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுழையும் குளிரூட்டிய அறை, ஆறு கணினிகள், ஒன்றுக்கு மட்டும் வண்ணத் திரை. பையன்களுக்கும் எங்களுக்கும் ஒரே பாடம்தான்: டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ். ஒரே கட்டணம்தான். பாடம் முடிந்த பிறகான அரை மணி நேரம் மட்டும் வேறு வேறு. அவர்கள் வண்ணத் திரையைச் சுற்றி நின்று 'பிரின்ஸ்' ஆடுவார்கள். நாங்கள் டைப்பிங் வேகம் கூட்ட வேண்டும். "பொம்பளப் பிள்ளைகளுக்கு டைப்பிங் வந்தா உடனே வேலை" என்பார் ஆசிரியர். அவர் கெட்டவர் அல்ல, எங்கள் எதிர்காலத்தில் அக்கறை உள்ளவர். அந்த அக்கறைதான் எங்களை விளையாட விடவில்லை.

ஒருநாள் பெருமழை. பையன்கள் யாரும் வரவில்லை. ஆசிரியர் டீ குடிக்கக் கீழே இறங்கினார். நான் வண்ணத் திரைமுன் உட்கார்ந்து அந்தச் சொல்லைத் தட்டினேன்.

அன்று என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும். பதினோரு வயதில் பெரியவளானேன். அன்றோடு தெருவில் பாண்டி ஆடுவது நின்றது. ஓடாதே, குதிக்காதே, படியை இரண்டிரண்டாக ஏறாதே. ஐந்து வருடம் என் கால்கள் அவற்றை மறந்திருந்தன. திரையில் இருந்த உருவம் ஓடியது. மற்ற ஆட்டங்களின் பொம்மைகள்போல வழுக்கிக்கொண்டு போகவில்லை. ஓடத் தொடங்க அதற்கு இரண்டடி வேண்டும், நிற்க இரண்டடி வேண்டும். தாவினால் விளிம்பைக் கையால் பற்றித் தொங்கி, உடம்பை இழுத்து மேலே ஏறும். அதற்கு எடை இருந்தது. 'அவன் குதித்தான்' என்று நான் எழுதினால் அது பொய். குதித்தது நான். கூர்முனைக் குழியில் விழுந்து செத்ததும் நான்தான். ஆசிரியர் திரும்பி வருவதற்குள் ஏழு முறை செத்தேன். அவ்வளவு உயிரோடு நான் அதற்குமுன் இருந்ததில்லை.

அந்த எடை எங்கிருந்து வந்தது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் ஏறவும் சொல்லி வீடியோ எடுத்து, அந்தக் காட்சிகளைச் சட்டம் சட்டமாக வரைந்து கணினிக்குள் கொண்டுவந்தார். ரோட்டோஸ்கோப்பிங் என்று அதற்குப் பெயர். நான் கடன் வாங்கி ஓடியது ஒரு தம்பியின் உடம்பை. வீட்டில் தம்பி ஓடலாம், அக்கா ஓடக்கூடாது. ஆட்டத்துக்குள்ளும் அதே ஏற்பாடுதான்.

இப்போது அந்த ஆட்டம் இணையக் காப்பகத்தில் உலாவியிலேயே ஓடுகிறது. இருபத்தொன்பது வருடம் கழித்துத் திரும்ப ஆடினேன். முதல் மகிழ்ச்சி, கைகள் மறக்கவில்லை என்பது. இரண்டாவது, பயம் போகவில்லை என்பது. தாளம் தவறாமல் மூடித் திறக்கும் இரும்புப் பற்களின் முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கும்போது வயிறு இன்னும் இறுகுகிறது. கூர்முனைகள் மேல் ஓடினால் சாவு. ஷிஃப்ட் விசையை அழுத்தி அடிமேல் அடி வைத்து நடந்தால் ஒன்றும் ஆகாது. அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்த ஊரின் தெருக்களில் பெண்பிள்ளைக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதானே.

எரிச்சல்கள் உண்டு. செத்தால் அந்த லெவலை முதலிலிருந்து தொடங்க வேண்டும், கடிகையில் போன மணலோ போனதுதான். மூன்றாம் லெவலில் ஓர் எலும்புக்கூடு, எத்தனை வெட்டினாலும் சாகாது. நான்காவதில் ஒரு கண்ணாடியை உடைத்துப் பாய வேண்டும். பாய்ந்தால் உயிர் ஒற்றைத் துளியாகக் குறையும், நம் நிழலே நம்மைவிட்டுப் பிரிந்து எதிரியாய் ஓடும்.

ஆனால் பெரிய எரிச்சல் ஆட்டத்துக்குள் இல்லை. ஆட்டம் கேட்பது அறுபது நிமிடம். அதை நான் ஒருமுறைகூடத் தொடர்ச்சியாகக் கொடுக்கவில்லை. நீலச் சட்டை, கேஸ் சிலிண்டர்காரர், "டீ போடறியா?", மாமியாரின் மாத்திரை, விடைத்தாள் பற்றிக் கல்லூரியிலிருந்து ஓர் அழைப்பு. முதல் ஞாயிறு பதினோரு முறை எஸ்கேப் அழுத்தினேன். அந்த ஆட்டத்தில் தாவல் என்பது தாளம். தாளம் உடைந்து திரும்பி வந்து அழுத்தினால் நேராகக் குழியில்தான் விழுவோம். என் சாவுகளில் பாதி எதிரியால் வரவில்லை, குறுக்கீட்டால் வந்தன.

தமிழ் கற்பிக்கிறவள் நான். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதுகிறேன். பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல். பிரிந்து போகிறவனுக்குக் காடும் மலையும் சுரமும் கிடைக்கின்றன. இருக்கிறவளுக்குக் கார்காலமும் மாலையும் மட்டும். நிலம் அவனுக்கு, பொழுது அவளுக்கு. கடல் கடந்த பயணத்தில் பெண் உடன் போவதில்லை என்று தொல்காப்பியமே ஒரு நூற்பா வைத்திருக்கிறது. மெக்னர் தொல்காப்பியம் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவர் ஆட்டத்தின் இலக்கணம் அதுதான். பன்னிரண்டு லெவல்களின் நிலவறை, மாடம், கோபுரமெல்லாம் அவனுடைய நிலம். அவளுக்கு ஓர் அறையும் ஒரு மணற்கடிகையும். லெவல்களுக்கு இடையே திரை அவளிடம் திரும்பும். நிற்பாள், மெத்தையில் சாய்ந்திருப்பாள், மணல் குறைந்திருக்கும். அவளுக்குப் பெயர் கிடையாது. அவனுக்கும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வைத்துக்கொண்டவன் வில்லன் ஜாஃபர் மட்டும்தான்.

1929இல் வர்ஜீனியா வுல்ஃப் எழுதும் பெண்ணுக்குத் தனியாக ஓர் அறையும் அதற்கொரு பூட்டும் கேட்டார். இளவரசிக்கு அறை இருக்கிறது. பூட்டும் இருக்கிறது, வெளியே.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தக் காட்சியைப் பார்ப்பதற்கு இன்னொரு பொருள் உண்டு. இங்கே முகப்பும் வளவும் இரண்டாம் கட்டும் அடுப்படியுமாகத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள் எல்லாம் காத்திருப்பின் மேல் கட்டியவை. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போனார்கள். பெட்டியடியில் ஏஜெண்டாகப் போனால் மூன்று வருடக் கணக்கு. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது உயிர் தப்பி ஊர் திரும்பினார்கள். இந்தச் சாகசத்தைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, ஆய்வேடுகள் இருக்கின்றன. அந்த மூன்று மூன்று வருடங்களை வளவில் கழித்த ஆச்சிமாரின் பொழுதைப் பற்றி எத்தனை பக்கம் இருக்கிறது? கொட்டான் முடைந்தார்கள், சீர் சாமான் எண்ணினார்கள், சிறுவாட்டுப் பணத்தை வட்டிக்கு விட்டார்கள், கட்டட வேலையை மேற்பார்த்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பிணம் எடுத்தார்கள். அதை நாம் சாகசம் என்று சொல்வதில்லை. 'இருந்தார்கள்' என்கிறோம்.

என் அப்பத்தா அப்படியொரு வளவில் சமையலுக்கு இருந்தவர். ஆச்சி கடிதத்துக்குக் காத்திருந்தார். அப்பத்தா உலை கொதிக்கக் காத்திருந்தார். காத்திருப்பதற்கும் வசதி வேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் கற்றேன். இளவரசியின் அறையைப் பெருக்கியவள் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கு மணற்கடிகைகூட இல்லை, மணி அடித்தால் போக வேண்டும்.

'பெண்கள் அந்தக் காலத்தில் விளையாடவில்லையா? தாயம், பல்லாங்குழி, சொக்கட்டான்?' என்று ஒரு குரல் எழும், எனக்குத் தெரியும். விளையாடினார்கள். ஆனால் அந்த ஆட்டங்களின் அமைப்பைப் பாருங்கள். பல்லாங்குழியில் முத்துகள் குழியிலேயே கிடக்கும். எழுந்துபோய்ச் சோற்றை வடித்துவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடரலாம். தாயக்கட்டத்தில் காய் அப்படியே நிற்கும், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரலாம். எழுந்து போகக்கூடிய ஆட்டங்களே பெண்களிடம் தங்கின. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே உட்காரவைத்த நாட்களில் அவள் கையில் கொடுத்ததும் பல்லாங்குழிதான். அந்த ஆட்டங்களை நான் நேசிக்கிறேன், அவற்றின் கணக்கு நுட்பமானது. அவை எதற்கு இடம் விட்டு அமைந்தன என்பதை மறந்துவிட்டு 'நம் பாரம்பரியம்' என்று மெழுகிப் பூசுவதுதான் எனக்கு ஆகாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024 ஆய்வில் பெண் 289, ஆண் 88. ஐந்து ஆண்டில் நமக்கு மிச்சமானது பத்து நிமிடம். அதே ஐந்து ஆண்டில் ஆண்கள் தங்கள் பங்கிலிருந்தும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் அந்த எலும்புக்கூட்டைத் தாண்டுவதே எனக்குச் சிரமம். இலக்கியத்தில் நிலம் அவனுக்கு, பொழுது அவளுக்கு என்றேன். வாழ்வில் பொழுதும் அவளுக்கு இல்லை.

'பெண்ணியம் பேசுகிற நீ, இளவரசியைக் காப்பாற்றும் ஆட்டத்தையா ஆடுகிறாய்?' என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆணின் கண்ணால் எழுதப்பட்ட கவிதைகளைப் படித்துத்தானே நான் முனைவர் பட்டம் வாங்கினேன்? அவற்றின் அழகில் மயங்கிக்கொண்டே அவற்றோடு சண்டை போடவும் கற்றேன். ஓர் ஆட்டத்தோடும் அதைச் செய்ய முடியும். பிடித்ததோடு போடும் சண்டைதான் நீண்டகாலம் தாங்கும்.

'நாயகியின் கையில் வாளைக் கொடுத்துவிட்டால் போயிற்று' என்பது இன்னொரு பதில். அது முன்பே நடந்திருக்கிறது. கணினியில் படத்தோடு வந்த முதல் சாகச ஆட்டங்களில் ஒன்றான 'மிஸ்டரி ஹவுஸ்' 1980இல் வந்தது. அதை வடிவமைத்தவர் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண். 1988இல் தன் 'கிங்ஸ் குவெஸ்ட்' வரிசையின் நான்காம் ஆட்டத்தில் ரோசெல்லா என்ற பெண்ணை நாயகியாக்கினார். மெக்னரே 1984இல் செய்த 'கராத்தேகா'வில் ஓர் அருமையான இடம் உண்டு. எல்லாரையும் வென்று கடைசியில் மரிக்கோவின் அறைக்கு வருகிறோம். சண்டைக்கு நிற்கும் தோரணையிலேயே அவளை நெருங்கினால் ஒரே உதையில் அவள் நம்மைக் கொன்றுவிடுவாள். கையைத் தாழ்த்தி வந்தால்தான் அணைப்பு. பெண்ணிடம் எப்படி வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் நான் பார்த்ததில்லை. 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தியின் கிழிந்த சமையல் குறிப்பேட்டையே புதிராக்கியது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று உலகமெங்கும் பலர் யோசித்தார்கள். மகிழ்ச்சி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். திரைக்குள் பெண் வந்துவிட்டாள், திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? வெண்பா இட்லி அவிக்கும் ஆட்டத்தை ஒரு மகன் ஆடிக்கொண்டிருக்க, அவனுக்கு இட்லி அவித்துக்கொண்டு வெண்பா வயது அம்மா ஒருத்தி அடுப்படியில் நிற்கலாம். நாயகியை மாற்றுவது எளிது. நாற்காலியில் இருப்பவரை மாற்றுவதுதான் கடினம்.

சென்ற பருவத்தில் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க வீட்ல ஒரே போன்தான் மேம். தம்பி கேம் விளையாண்டு முடிச்சாத்தான் எனக்கு. அதுக்குள்ள சார்ஜ் போயிரும்." வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1996இல் வண்ணத் திரையைச் சுற்றி நின்ற முதுகுகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பையன்களிடையே ஒரு மந்திரச் சொல் இருந்தது. 'பிரின்ஸ்' என்று தட்டி இடம்விட்டு 'மெகாஹிட்' என்று சேர்த்தால் விரும்பியபடி லெவல்களைத் தாண்டிப் போகலாம். காதோடு காதாக அவர்களுக்குள் மட்டும் கைமாறிய சொல். எனக்கு அது தெரியவந்தது சென்ற ஆண்டு. வேலை, பதவி, பணம் என்று எல்லா இடத்திலும் இப்படியொரு சொல் அவர்களிடையே சுற்றுகிறது. தகுதி இல்லாததால் நாம் பின்தங்கியதாகச் சொல்கிறார்கள். விளையாட்டில் கூட நின்றிருந்தால் நமக்கும் காதில் விழுந்திருக்கும்.

எட்டாம் லெவலுக்கு வருகிறேன். பதினாறு வயதில் நான் அங்கே போனதே இல்லை. அவன் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறான், வெளியேறும் கதவும் திறந்துவிட்டது. ஆனால் நடுவில் ஓர் இரும்புக் கிராதி விழுந்து அவனை அடைத்துவிடுகிறது. வாள் உதவாது, தாவல் உதவாது. சற்று நிற்க வேண்டும். அப்போது ஒரு வெள்ளை எலி ஓடி வந்து தரையிலுள்ள விசைக்கல்லை மிதிக்கிறது. கிராதி உயர்கிறது. அந்த எலியை அனுப்பியவள் இளவரசி. அந்த லெவலுக்கு முந்தைய காட்சியில் அவள் குனிந்து எலியை அனுப்புவதைக் காட்டுவார்கள். சில நொடிதான். பூட்டிய அறையிலிருந்து, கையில் வேறு எதுவும் இல்லாமல், அவள் செய்த ஒரே காரியம். அது இல்லையென்றால் வீரன் அங்கேயே நின்றிருப்பான், மணல் தீர்ந்திருக்கும்.

அந்த இடத்தில் எஸ்கேப்பை நானாகவே அழுத்தினேன். அன்று யாரும் கூப்பிடவில்லை. அப்பத்தாவை நினைத்துக்கொண்டேன். எத்தனை கிராதிகளை அவர் அடுப்படியிலிருந்தே உயர்த்தியிருப்பார். சீட்டுப் பிடித்து என் அப்பாவைப் படிக்கவைத்தவர் அவர். குடும்பக் கதையில் அப்பா 'கஷ்டப்பட்டுப் படித்தார்' என்றுதான் வரும். அப்பத்தா வரமாட்டார். எலியும் வராது.

நான்காம் ஞாயிறு முடித்தேன். பன்னிரண்டாம் லெவலில் பிரிந்துபோன நிழல் எதிரே வாளோடு வரும். அதை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகிவிடும். ஆடத் தெரிந்த அந்தப் பதினாறு வயதுக்காரி எனக்குள் வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. ஜாஃபரைக் கொன்றேன். அணைப்பு நடந்தது. ஏழு நிமிட மணல் மிச்சம் இருந்தது.

அடுப்படியிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா? இதுல என்னம்மா பிரயோஜனம்?"

"ஒண்ணுமில்லை" என்றேன். அதுதான் என் கட்சி. பிரயோஜனம் இல்லாத ஒரு மணி நேரம் வேண்டும். யோகாவுக்கு, சுயமுன்னேற்றத்துக்கு, பிள்ளைக்குக் கற்றுத்தர என்று காரணம் காட்டி வாங்கும் நேரம் வேண்டாம். ஆண்பிள்ளைக்குக் கேள்வி கேட்காமல் கிடைக்கிற, வீணாக்கத் தகுந்த, முழுதாய் அறுபது நிமிடம் வேண்டும். படிப்புக்கும் சொத்துக்கும் நாம் போராடியதுபோல் இதற்கும் போராட வேண்டும். வெட்கப்படக் கூடாது. அடுத்தவர் வேலையை இன்னொரு ஏழைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு வாங்கும் நேரமாகவும் அது இருக்கக் கூடாது. வீட்டிலிருக்கும் ஆண் எழுந்து டீ போட்டால் கிடைக்கக்கூடிய நேரம்தான் அது.

தம்பியிடமிருந்து போனை வாங்கு, மகளே. சார்ஜ் இருக்கும்போதே வாங்கு. ஓடு, குதி, குழியில் விழு. உள்ளேயிருந்து யாராவது நீலச் சட்டையைக் கேட்டால், கொடியில் காய்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்.